ஒடியற் கூழும் உப்புப் பார்ப்போரும்: ஒரு கிடாரவழி ஆய்வு

0. முகப்பு

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழைப் பற்றி முறையான ஆய்வு ஒன்று ஏன் வெளிவரவில்லை என்று ஆவணக் காப்பகங்களில் தேடத் தேவையில்லை. ஆய்வு செய்ய வந்தவர்கள் கூழைக் குடித்தார்கள், குடித்தவர்கள் மாமரத்தடியில் சாக்கு விரித்துச் சரிந்தார்கள், எழும்பியபோது பொழுதுபட்டிருந்தது. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரை வெறும் வயிற்றில் எழுதப்பட்டது என்பதை முறையியலின் ஒரு கூறாகவே இங்கே பதிவு செய்கிறேன்.

சான்றாதாரங்கள் மூவகை. முதலாவது, பெரியம்மா. இரண்டாவது, குஞ்சியப்பு. மூன்றாவது, கூழ் காய்ச்சும் நாளில் வளவுக்குள் நின்ற ஏனைய அனைவரும், முருங்கைக் கொப்பில் இருந்த காகம் உட்பட. இவர்களில் பெரியம்மாவுக்கு மட்டுமே கூழ் காய்ச்சத் தெரியும். ஆதலால் அவருடைய கருத்துகளை, நமது ஆய்வுலக மரபுக்கு அமைய, மிகக் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன்.

அணிந்துரை ஒன்று கேட்டிருந்தேன். கேட்கப்பட்ட தகைசார் பேராசிரியர், கட்டுரையை அனுப்ப வேண்டாம், தலைப்பை மட்டும் அனுப்பினால் போதும் என்று பணித்தார். தலைப்பு அவருக்கு நீளமாகப் பட்டதால் அணிந்துரை வந்து சேரவில்லை.

1. வரைவிலக்கணம்

அன்று கடலில் பிடிபட்டதையும் அன்று தோட்டத்தில் ஆய்ந்ததையும் ஒரே கிடாரத்தில் அவித்து, பனங்கிழங்கு மாவால் தடிப்பாக்கி, பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் கரைத்து, கூட்டமாய்ச் சுற்றியிருந்து சுடச்சுடக் குடிப்பது ஒடியற் கூழ். குடிப்பதா, தின்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நண்டை எவரும் குடித்ததற்குச் சான்று இல்லை. சாற்றை எவரும் மென்றதற்கும் இல்லை. "வாயை மூடிக்கொண்டு குடியுங்கோ" என்று பெரியம்மா இவ்விவாதத்தை முடித்துவைத்தார் (பெரியம்மா, வாய்மொழி). வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்ற கிளைவினா இன்னும் திறந்தே கிடக்கிறது.

தனியாளுக்குக் கூழ் இல்லை. இதில் உணர்ச்சி ஒன்றும் கிடையாது, வெறும் கணக்கு. நண்டு, இறால், கணவாய், சின்ன மீன் இரண்டு மூன்று வகை, கொஞ்சம் கருவாடு, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை, ஒரு பிடி புழுங்கல் அரிசி: ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்த அளவைப் போட்டாலும் கிடாரம் அரைவாசிக்கு மேலே வந்துவிடும். கூட்டம் கூடியதால் கூழ் காய்ச்சினார்களா, கூழ் மிஞ்சும் என்ற பயத்தில் கூட்டம் கூட்டினார்களா என்பதைச் சமூகவியலாளர் தீர்க்கட்டும்.

ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் கூழ் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அது வறுத்த அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் என்று இனிப்பான வேறு சங்கதி. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பாடிவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படித்துவிட்டதால் அத்துறையில் இடநெருக்கடி அதிகம். ஒடியற் கூழுக்கு அத்தனை புகழ்பெற்ற பாட்டு வாய்க்காததற்கு, மீன்முள்ளை வாயில் வைத்துக்கொண்டு பாட முடியாது என்பதைக் காரணமாக முன்மொழிகிறேன்.

2. சொல்லாராய்ச்சி

பக்க வரம்பு கருதி விடப்பட்டது. நன்றி தேவையில்லை.

3. இலக்கிய மீளாய்வு

பனையைப் பற்றி எழுதுகிற எவரும் சுற்றிக்கொண்டு போக முடியாத எண் ஒன்று உண்டு: 801. பனையின் பயன்கள் 801 என்று 'தாலவிலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பாடுவதாக வில்லியம் பேர்குசன் 1850இல் கொழும்பில் வெளியான தமது பனை நூலில் எழுதினார். அதற்குப் பிறகு பனை என்று தலைப்பிட்ட கட்டுரையிலோ, விழா மலரிலோ, மேடைப் பேச்சிலோ 801 வராத இடத்தைக் காண்பது அரிது. எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்டால் முன்னவரைக் காட்டுவார்கள்; முன்னவர் தமக்கு முன்னவரைக் காட்டுவார். பேராசிரியர்களிடம் இப்பழக்கம் இருந்தால் அது ஆய்வு மரபு. மாணவரிடம் இருந்தால் அதற்கு வேறு பெயர், தண்டனையும் உண்டு.

நான் எண்ணத் தொடங்கினேன். கூழுக்குள் மட்டும் பனை எத்தனை தரம் வருகிறது? மா, பனங்கிழங்கு. விறகு, பனம்மட்டையும் ஊமலும். குடிக்கிற பிளா, பனையோலை. இருக்கிற பாய், பனையோலை. மா புடைக்கிற சுளகு, அதுவும் பனை. குஞ்சியப்பு முதல்நாள் பின்னேரம் போய்வந்த இடமும் பனையடிதான். ஆக 6. மிச்சம் 795ஐ எதிர்கால ஆய்வாளரிடம் விடுகிறேன்.

4. மூலப்பொருளியல்

பனம்பழக் காலம் முடிய விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடுவார்கள். மாரி மழை குடித்து முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். மார்கழி, தையில் பாத்தியைக் கிண்டி, கிழங்கை அவிக்காமல் இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இவ்விரண்டையும் குழப்புகிறவர்களோடு பெரியம்மா கதைப்பதில்லை. ஒடியலை இடித்து அரித்தால் கூழுக்கு மா. இப்போது பைக்கற்றிலும் வருகிறது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் கடைகளிலும் வாங்கலாம்.

மாவுக்கு ஒரு கயர்ப்பு உண்டு. தண்ணீரில் ஊறவைத்து, அடையவிட்டு, மேல் தண்ணீரை வார்த்துவிட்டால் கயர்ப்புக் குறையும். சிலர் இதை இரண்டு தரம் செய்வார்கள். ஒரேயடியாகக் கழுவித் தீர்த்தால் மிஞ்சுவது பனை இல்லை, பசை. கழுவின மாவையும் நேரே கொதியில் கொட்டக் கூடாது. பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் விட வேண்டும். கொட்டினால் மேல்பக்கம் அவிந்து தோலாகி, உள்ளே பச்சை மா சிறைப்பட்டுக் கட்டிகட்டியாய் மிதக்கும். மேற்கோள்களை நேரே கொதியில் கொட்டி எழுதின ஆய்வேடுகளை வாசித்தவர்களுக்கு இந்தக் கட்டி வாயில் அகப்படும் விதம் பழக்கமாயிருக்கும்.

5. தொன்மை

கூழைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு சாராருக்கு ஆவல். சங்க காலம் காணாது என்றால் கடலுக்கடியில் போன கண்டத்துக்கும் கொண்டுபோவார்கள்; கடலுணவு ஆதலால் அதற்கு வசதியும் உண்டு. ஆனால் இப்பயணம் ஒரு செத்தல் மிளகாயில் தடுக்கி நின்றுவிடுகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேரும்வரை இந்தப் பக்கத்தில் எவரும் அதைக் கண்டதில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். போர்த்துக்கேயர் இலங்கையில் இறங்கியது 1505இல். மரவள்ளியும் அதே கண்டத்துச் சரக்கு. புளியமரமே ஆபிரிக்காவில் தோன்றியது என்கிறார்கள் தாவரவியலாளர். அது வந்து மிகப் பழங்காலம் ஆகிவிட்டதால் குடியுரிமை பெற்றுவிட்டது. 1450இல் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்த அன்று இங்கே எங்காவது கூழ் கொதித்திருந்தால் அதில் உறைத்தது மிளகாகத்தான் இருக்க வேண்டும்.

இதைக் குஞ்சியப்புவிடம் எடுத்துரைத்தேன். "அப்ப மிளகாய எங்களிட்ட இருந்துதான் அவங்கள் அமெரிக்காவுக்குக் கொண்டு போயிருப்பாங்கள்" என்றார் (குஞ்சியப்பு, முதற் பதிப்பு). இதே வாதத்தை வேறு பயிர்களுக்கும் மொழிகளுக்கும் பொருத்தித் தடித்த அட்டை போட்ட புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். ஆகவே அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

பதிப்பு விபரம் பற்றி ஒரு விளக்கம். குஞ்சியப்புவின் கூற்றுகளைப் பதிப்பைக் குறிப்பிடாமல் எடுத்தாள்வது பெரும் பிழை. முதற் பதிப்பு, கள்ளுக்கு முந்தியது. இரண்டாம் பதிப்பு, முதற் பிளாவுக்குப் பிந்தியது, திருத்தியதும் விரித்ததும். மூன்றாம் பதிப்பில் அவர் முதலிரண்டையும் கடுமையாக மறுக்கிறார்; மறுக்கப்படுபவை தம்முடையவை என்பது அவருக்குத் தெரியாது. நான்காம் பதிப்புக்குப் படி எதுவும் கிடைக்கவில்லை. பாயில் கிடந்த நிலையில் கேட்ட சில ஒலிக்குறிப்புகள் மட்டும் உள.

6. இடும் வரிசை

அரிசியும் பலாக்கொட்டையும் முதலில். அவைதான் அவியச் சுணங்கும். பிறகு மரவள்ளி, பயிற்றங்காய். பிறகு நண்டு. பிறகு மீன், இறால். மீன் எது என்றால், குருநகரிலோ பாசையூரிலோ அன்றைக்கு எது கரைக்கு வந்ததோ அது. ஒட்டியோ, திரளியோ, தலையும் சேர்த்து. கணவாய் ஒன்றில் கொஞ்ச நேரம் அவிய வேண்டும், இல்லாவிட்டால் நெடுநேரம் அவிய வேண்டும். இடையில் எடுத்தால் பல்லுக்குக் கேடு. எல்லாம் அவிந்த பிறகு கரைத்த மா, புளி, மிளகாய்க் கூட்டு. முருங்கையிலை கடைசி.

வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஆதலால் இப்பகுதியில் விவாதத்துக்கு இடமில்லை. அடுத்ததற்குப் போகலாம்.

7. உப்புப் பார்த்தல்

7.1 நிகழ்வின் விபரிப்பு

கூழ் காய்ச்சும் வளவில் அடுப்பைச் சுற்றி நிற்கும் ஆண்கள் செய்யும் ஒரே வேலை உப்புப் பார்ப்பது. இச்செயல் ஐந்து படிநிலைகளைக் கொண்டது. அகப்பையால் அள்ளுதல், இடது உள்ளங்கையில் விடுதல், சுட்டுவிட்டது என்று கையை உதறாமல் ஊதுதல், உறிஞ்சுதல், வானத்தைப் பார்த்தல். இவற்றுள் ஐந்தாவதே முதன்மையானது. வானத்தைப் பார்க்காமல் சொன்ன உப்புக் கருத்தை எவரும் பொருட்படுத்தியதாக என் தரவுகளில் இல்லை. வானத்தில் என்ன தெரிகிறது என்று ஒருவரிடம் விசாரித்தேன். "சும்மா இரும், பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறன்" என்றார்.

7.2 கொள்கைப் பிரிவுகள்

உப்புப் பார்ப்போர் மூன்று பள்ளிகளாகப் பிரிவர்: 'காணாது' பள்ளி, 'கூடிப்போச்சு' பள்ளி, 'அளவு' பள்ளி. மூன்றாவது வழக்கொழிந்துவிட்டது. அழிவுக்கான காரணம் பொருளியல் சார்ந்தது. உப்பு அளவாய் இருக்கிறது என்று சொன்னவருக்கு இரண்டாந்தரம் அகப்பை நீளாது. அவருடைய வேலை முடிந்தது, அவர் போய்க் கதிரை தூக்கலாம். "வடிவாப் பிடிபடேல்லை, இன்னொருக்கா விடுங்கோ பாப்பம்" என்றவருக்கே திரும்பவும் நீளும். ஆய்வு நிதிகள் இயங்கும் விதமும் இதுவே. விடை கண்டுபிடித்தவரின் திட்டம் அத்தோடு மூடப்படும். 'இத்துறையில் மேலும் ஆய்வுகள் தேவை' என்று முடித்தவருக்கு அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பணம் வரும்.

7.3 இறால் தற்செயல்

இங்கேதான் ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாத ஒரு புதிரை எதிர்கொள்கிறோம். உப்புத் தண்ணீரில் கரையும். கொதித்துப் புரளும் சாற்றில் அது எல்லா இடமும் ஒரே செறிவாய் நிற்கும். ஆகவே உப்பறிய மேலாக ஒரு சொட்டுப் போதும். ஆனால் களத்தில் நடப்பது வேறு. அகப்பை கிடாரத்தின் ஆழத்துக்குப் போகிறது, அங்கே துழாவுகிறது, மேலே வரும்போது அதில் ஓர் இறால் கிடக்கிறது. சில வேளைகளில் இரண்டு. நண்டின் பெரிய கால் கிடந்த சந்தர்ப்பமும் உண்டு (காகம், முருங்கைக் கொப்பு, தொடர் அவதானிப்பு). இதே அகப்பை, இதே கிடாரம், பந்தியில் சின்னவர்களுக்கு வார்க்கும்போது மட்டும் பலாக்கொட்டையை அள்ளிக்கொண்டு வருகிறது.

குஞ்சியப்புவிடம் விளக்கம் கோரப்பட்டது. "மச்சாள், அடியில வேற உப்பு" என்று பெரியம்மாவை நோக்கிச் சொன்னார் (குஞ்சியப்பு, இரண்டாம் பதிப்பு). இதன்வழி அவர் கிடாரத்துக்கு ஓர் அடுக்கியலை முன்மொழிகிறார் என்று கொள்ளலாம். மேலடுக்கில் முருங்கையிலை, நடுவடுக்கில் பயிற்றங்காயும் உதிர்ந்த மீனும், கீழடுக்கில் நண்டு, பலாக்கொட்டை, இறால். தொல்லியலில் ஆழம் கூடக் கூடப் பழமை கூடும் என்பார்கள். கிடாரத்திலும் அப்படித்தான்; நண்டு கீழே கிடப்பது அது முன்னதாகப் போடப்பட்டதால். ஆனால் தொல்லியலாளர் தாம் எடுத்த பொருளை அந்த இடத்திலேயே தின்றுவிடுவதில்லை. இந்த ஒரு நெறி மட்டும் நமது களத்தில் கைக்கொள்ளப்படாததால், கீழடுக்குச் சான்றுகளில் பெரும்பகுதி பந்திக்கு முன்பே அழிந்துவிட்டது.

7.4 காலச் சிக்கல்

இறாலை விட்டுவிட்டு உப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. கொதிக்கும் கூழில் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. கருவாடு தன்னுள் கிடக்கும் உப்பை ஆறுதலாக விடுகிறது. பிறகு கரைத்த மா விழுகிறது. அதில் தண்ணீர் உண்டு, உப்பு இல்லை. ஆகவே பத்து நிமிடத்துக்கு முன் காணாது என்றவரும் உண்மையே சொன்னார். இப்போது கூடிப்போச்சு என்பவரும் உண்மையே சொல்கிறார். மா விட்ட பிறகு திரும்பக் காணாது என்கிறவரும் அப்படியே. அவரவர் காலத்துக்கு அவரவர் சரி. இந்த முடிவை நான் ஒரு கருத்தரங்கில் வாசித்திருந்தால் பின்நவீனத்துவர்கள் கைதட்டியிருப்பார்கள். வளவில் வாசித்தபோது பெரியம்மா சொன்னது: "கதை காணும், மட்டையைத் தள்ளி விடு, நெருப்பு அணையுது."

7.5 எழுத்துச் சான்று

உப்பின் அளவு பற்றிய எழுத்துச் சான்று ஒன்றே ஒன்றுதான் கிடைத்துள்ளது. அது ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கம். மைப்பேனாவால் எழுதியது, குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்கு அடியில் பேணப்படுகிறது. பலாக்கொட்டை, பயிற்றங்காய், புளி என்று தெளிவாய் வந்து, 'உப்பு தே' என்ற இடத்தில் ஒரு கறை. கறை நண்டுக் குழம்பு என்பது பெரும்பான்மைக் கருத்து. நிறத்தை வைத்து நெத்தலி என்பாரும் உளர்.

இந்த 'தே'யில் தொடங்கித்தான் எங்கள் குடும்பத்தின் பதிப்பியல் வரலாறு இரண்டாய், பின் நாலாய்ப் பிளந்தது. 'தேவைக்கேற்ப' என்று நிரப்பியோர் பழமைவாதிகள். 'தேவையில்லை' என்று நிரப்பியது மூத்த மச்சான் தலைமையிலான புரட்சிப் பிரிவு. கருவாட்டில் உள்ள உப்பே போதும், வெளியிலிருந்து சேர்ப்பது பிற்கால இடைச்செருகல் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தின்படி ஒருமுறை காய்ச்சிய கூழைப் பற்றி அவர்களும் பேச விரும்புவதில்லை. மூன்றாம் பிரிவு, 'உப்பு' என்பதோடு அந்த வரி முடிந்துவிட்டது, 'தே' அடுத்த பொருளாகிய தேங்காயின் தொடக்கம் என்கிறது. கூழ் குடித்த பிறகு தேங்காய்ச் சொட்டு கடிக்கும் வழக்கம் இவர்களுக்கு வலுவான புறச்சான்று. நாலாம் பிரிவில் இருப்பவர் ஒருவரே, சின்ன மாமா. அது 'தேத்தண்ணி', எழுதுகிறபோது யாரோ கேட்டதை மறக்காமல் குறித்துவைத்தது என்கிறார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இவ்விடத்தில் என் நிலைப்பாட்டைத் தக்க சான்றுகளோடு நிறுவுகிறேன். 'தே'யின் கொம்பு இரட்டைக் கொம்புதான், ஒற்றையல்ல (நாட்காட்டித் தாள், பின்பக்கம், இடது ஓரம், நண்டுக் கறைக்குக் கிழக்கே, ஒப்புநோக்குக: அதே தாளின் முன்பக்கம், இராகுகாலம்). கறையின் விளிம்பில் ஒரு மேல்விலங்கின் நிழல் தெரிகிறது, அது 'வ'கரத்துக்குப் பொருந்தாது (மூத்த மச்சான், மூக்குக்கண்ணாடியோடு, மாறாக, அதே மச்சான், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது). கறை எழுத்துக்குப் பிந்தியதல்ல, முந்தியது, எழுதியவர் கறையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார், ஆகவே மறைந்த பகுதி என்று ஒன்றே இல்லை (குஞ்சியப்பு, மூன்றாம் பதிப்பு, வேலியைப் பார்த்துச் சொன்னது, வேலிக்கு அப்பாலிருந்து வந்த மறுமொழி பதிப்பிக்கத் தகாதது, அம்மறுமொழிக்கு நாய் எழுதிய உரைக்குக் காண்க: அன்று இரவு முழுவதும்).

இத்தாளை எழுதியவர் பெரியம்மா. இந்த விவாதங்கள் நடந்தபோதெல்லாம் அவர் நாலு முழம் தள்ளி, திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று வாசகர் நினைக்கக் கூடும். நூலாசிரியர் உயிரோடு இருக்கும்போது அவரிடம் நேரே போய்க் கேட்பது பதிப்பியல் நெறிக்கு முற்றிலும் புறம்பானது. அப்படிச் செய்யத் தொடங்கினால் எத்தனை பேரின் கலாநிதிப் பட்டம் ஆட்டம் காணும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

7.6 ஒவ்வாத் தரவு

பெரியம்மா உப்புப் பார்ப்பதில்லை. கொதிக்கும் கிடாரத்துக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய், ஆவியை ஒருதரம் மணந்துவிட்டு, பிடியளவு கல்லுப்பை எடுத்து எறிவார். ஆனையிறவு உப்பாக இருந்தால் பிடி கொஞ்சம் சிறுக்கும். உப்புக்கு மணம் கிடையாது. ஆகையால் இம்முறை அறிவியலுக்கு ஒவ்வாதது. ஆயினும் அவர் போட்ட உப்புச் சரியாகவே இருந்தது. இத்தரவு கருதுகோளோடு பொருந்தாமையால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

8. பரிமாறல்

பிளா என்பது பனையோலையை மடித்துக் கோலி, ஒரு முனையை ஈர்க்கால் கட்டிய குடிகலம். ஒழுகும். ஒழுகாவிட்டால் அது கோப்பை.

பிளாவைப் பிடிக்க ஒரு கை வேண்டும். நண்டை உடைக்க இரண்டு கை வேண்டும். ஆக, கூழ் குடிக்கும் மனிதனுக்கு ஒரு கை காணாது. பிளாவைக் கீழே வைக்கவும் முடியாது, சரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் "இதை ஒருக்காப் பிடி" என்று கொடுத்தால் அவருக்கு இரண்டு கை காணாமல் போகிறது. பரிணாமம் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்று உயிரியலாளர் கூற வேண்டும். நண்டுக்கோ பத்துக் கால்.

9. புலம்பெயர் கிளை

டொரொன்டோவின் ஸ்காபரோவில் கோடை வந்தால் வீட்டுப் பின்வளவுகளில் காஸ் அடுப்பேற்றிக் கூழ் காய்ச்சுகிறார்கள். மா பொதியில் வருகிறது, கடலுணவு உறைந்த பைக்கற்றில் வருகிறது, பிளாவுக்குப் பதில் கடதாசிக் கோப்பை. இவை மேலோட்டமான மாற்றங்கள். அடிப்படை மரபு சிதையவில்லை: அங்கேயும் ஆண்கள் அடுப்பைச் சுற்றி நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். சென்ற கோடையில் காணொளி அழைப்பில் கிடாரத்தைக் குஞ்சியப்புவுக்குக் காட்டினார்கள். அவர் கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, சரித்துப் பார்த்துவிட்டு, "உப்புக் காணாது மோனை" என்றார் (குஞ்சியப்பு, எண்மப் பதிப்பு). அங்கே நின்ற மூவர் அதை வழிமொழிந்ததாகவும், சரிபார்ப்பதற்காக உடனே அகப்பை இறக்கப்பட்டதாகவும், அதில் இறால் அகப்பட்டதாகவும் அறிகிறேன்.

10. கிடாரம் கழுவுதல்

அடிப்பிடித்த கிடாரத்தைப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது பற்றி இத்துறை ஆய்வாளர் எவரும் களப்பணி மேற்கொண்டதில்லை. உப்புப் பார்த்தவர்கள் பாயில் கிடந்தார்கள். ஒரே தகவலாளியான பெரியம்மாவைப் பேட்டி காணப் புறப்பட்டேன். அவர் கிணற்றடியில் இருந்தார். கிட்டப் போனால் பொச்சைக் கையில் தந்துவிடுவார் என்ற முறையியல் இடர் இருந்தபடியால் பேட்டி ஒத்திவைக்கப்பட்டுள்ளது.